நாலாவது பெயர்

கல் தச்சரின் பட்டறை லாரி எடைமேடைக்குப் பின்னால் இருந்தது. பள்ளிக்கூட வேன் அங்கே போய் நின்றபோது நல்ல வெயில். தலைமையாசிரியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். தகரக் கூரை, நாற்காலி, டீ கிளாஸ், தச்சரின் புருவம் என்று எல்லாவற்றின் மேலும் கல் மாவு படிந்திருந்தது. உட்கார இடம் தேடினார். வெள்ளை வேட்டிக்குப் பொருத்தமான இடம் எதுவும் கண்ணில் படாததால் நின்றபடியே பேசினார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் காம்பஸ். நெட்டையான ஒல்லி உடம்பு, காலை அகட்டி வைத்து நடக்கும் நடை, போதாததற்குக் கணக்கு வாத்தியார். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

காம்பஸ் தேடி வந்தது ஒரு கல்லுக்காக. தொலைந்துபோன ஒரு கல்லுக்குப் பதில் கல்.

பள்ளிக்கூடத்தின் பழைய மண்டபத்துச் சுவரில் அது பதிந்திருந்தது. எந்தக் காலத்திலோ, கடல் தாண்டி எங்கேயோ நடந்த ஒரு யுத்தத்துக்குக் கடைசி வகுப்பிலிருந்து நாலு பையன்கள் கிளம்பிப் போனார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர் மேடை போட்டு, மாலை போட்டு, பாட்டுப் பாடி அனுப்பிவைத்தார். நாலு பேரும் திரும்பவில்லை. உடம்புகூட வரவில்லை. அவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு அந்தக் கல்தான் சுவரில் ஏறியது.

அதை ஒட்டி ஒரு வழக்கமும் இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் தலைமையாசிரியர் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, வகுப்பில் கூப்பிடுவதுபோல நாலு பெயரையும் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் பள்ளிக்கூடமே சேர்ந்து “உள்ளேன் ஐயா” என்று குரல் கொடுக்கும். அந்தப் பையன்கள் வரவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். பெயர்களை வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. கல்லைப் பார்த்துப் படிப்பதுதான் முறை.

காம்பஸ் தலைமையாசிரியரானதும் முதல் வேலையாக அதை நிறுத்தினார். ஒரு பாடவேளை வீணாகிறது என்றார். செத்தவர்களுக்கு அட்டெண்டன்ஸ் எதற்கு என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், தலைமையாசிரியர் ஜோக் அடித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

பிறகு மண்டபத்தையே இடித்துப் புதுசு கட்டினார்கள். கொத்தனார் வந்து, “சார், இந்தக் கல்லை என்ன பண்றது?” என்று கேட்டபோது காம்பஸ் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் புறங்கையை ஆட்டினார். கல் இடிபாட்டோடு இடிபாடாகப் போய், புது மேடைக்கு அடியில் பள்ளம் நிரப்பியது. அதன் மேல் கான்கிரீட் விழுந்தது. மேடையின் முகப்பில் காம்பஸின் பெயரைப் பித்தளை எழுத்தில் பதித்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, நூற்றாண்டு விழாவுக்கு அந்த ரிட்டயர்டு கர்னலைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடும் வரைக்கும்.

“எங்க தாத்தாவோட அண்ணன் பேரு உங்க ஸ்கூல் கல்லுல முதல் பேரு சார்” என்றார் கர்னல் போனில். “அதுக்கு ஒரு மலர்வளையம் வைக்கணும். அதுக்காகத்தான் வர ஒத்துக்கிட்டேன்.”

காம்பஸுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கல்லைத் தொலைத்தோம் என்று சொல்லலாம். சொன்னால் பித்தளை எழுத்துக்கு என்ன மரியாதை?

“மொத்தம் எத்தனை பேரு சார்?” கல் தச்சர் கருப்புக் கிரானைட் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நாலு.”

நாலு வரி என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. எத்தனையோ வருஷம் காலையும் மாலையும் அந்தக் கல்லைக் கடந்து போனவர். வரிகளை எண்ணியிருக்கிறார். ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை.

“ஒரு பேரு குடுத்துட்டீங்க. மத்த மூணு?”

வருஷா வருஷம் கூப்பிட்டபோதும் அந்தப் பெயர்கள் அவர் காதில் ஏறியதில்லை, இப்போது யாரையாவது கேட்டால் கல் தொலைந்தது வெளியே வரும். காம்பஸுக்கும் கற்பனைக்கும் ஏழாம் பொருத்தம். வெளியே பார்த்தார். வேன் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது, திரையில் மச்சான் பெயர். மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எடுத்தவுடன், “என்ன மாமா, காம்பஸ் இன்னும் வட்டம் போடுதா?” என்று ஆரம்பிப்பான். எடுக்காமல் துண்டித்துவிட்டு, அவன் பெயரையும் சொன்னார்.

“நாலாவது கொஞ்சம் சின்னப் பேரா இருந்தா நல்லது சார். கீழ ஸ்கூல் சின்னம் போட்டா இடம் பத்தாது.”

காம்பஸுக்குத் தெரிந்ததிலேயே சின்னப் பெயர் ஒன்றுதான். பரீட்சைப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்க வேண்டும் என்று அவரே தேடித்தேடி வைத்த பெயர். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“இனிஷியல்?”

பழக்கதோஷம். தன் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னார்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளையின் பெயரை, அதுவும் பன்னிரண்டாவது படிக்கும் ஒரே பிள்ளையின் பெயரை, செத்தவர்கள் கல்லில் வெட்டச் சொல்கிறோமே என்று நெஞ்சில் ஏதோ ஒன்று இடித்தது. மாற்றச் சொல்லலாமா? வேறு சின்னப் பெயர் யோசிக்க வேண்டும். அந்தப் பெயர் என்ன இவனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா, ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வேனில் ஏறினார்.

“ஒவ்வொரு பேரும் முடிய முடிய போட்டோ அனுப்புறேன் சார்” என்று தச்சர் பின்னாலிருந்து கத்தினார்.

முதல் பெயரின் போட்டோ வந்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. அது உண்மையான பெயர்.

இரண்டாவது போட்டோ ஒரு காலை நேரத்தில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது வந்தது. அன்றைக்கு வேன் வரவில்லை. தெருமுனையில் கதவு திறந்தபடி நின்றுகொண்டிருந்தது, உள்ளே குட்டிப் பிள்ளைகள் ஒருவர் சடையை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இல்லை.

அவன் மைதானத்தில் இருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில், காக்கிச் சட்டையோடு, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வகுப்பாசிரியை பெயர்களைக் கூப்பிட்டு முடித்து, பதிவேட்டை மூடினார்.

“என் பேரைக் கூப்பிடலையே ஐயா” என்றான் டிரைவர்.

ஆசிரியையைப் பார்த்துச் சொல்லவில்லை. காம்பஸைப் பார்த்துச் சொன்னான். இத்தனை வருஷமாக அவன் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

காம்பஸ் அவனை அறைக்கு இழுத்துப் போய் வாயை முகர்ந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. வேறு ஒரு வாடை, ஈரச் சுண்ணாம்பு மாதிரி. வேன் சாவியை அவன் கையில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் மெதுவாக வைத்தான்.

“இது எதுக்கு ஐயா?”

மத்தியானம் அவன் மனைவி வந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், தோளில் அளவு டேப் தொங்கியது.

“என்னைப் பார்த்து ‘நீங்க யாருக்கா’ன்னு கேக்குறாரு சார். புள்ளை அப்பான்னு போய்க் காலைக் கட்டுது, பயந்து ஒதுங்குறாரு. முதுகுல மூட்டை சுமக்குற மாதிரி ரெண்டு கையையும் பின்னால வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்காரு. அது அவர் இல்ல சார். அது அவர் இல்லவே இல்ல.”

“டாக்டர்கிட்ட காட்டும்மா” என்றார் காம்பஸ். “வேலைக்களைப்பா இருக்கும்.”

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கல் வைக்கும் இடத்தை அளக்கப் புது மண்டபத்துக்குள் போனார். மின் இணைப்பு இன்னும் வரவில்லை. ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் வழியாகக் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. புதுப் பெயிண்ட் வாசனையை மீறி இன்னொரு வாசனை வந்தது. இடித்த சுவரின் மேல் மழை விழும்போது எழுமே, அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

மேடை ஏறி டேப்பை விரித்தார்.

அடியில் ஏதோ உரசியது.

எலியாக இருக்கும்.

மறுபடியும் உரசியது. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதும் சத்தம். எழுத்து எழுத்தாக, நிதானமாக. எழுதி முடித்ததும் ஒரு தட்டு. பிறகு அடுத்த வரி.

அது கெட்டிக் கான்கிரீட். கீழே எலி புகக்கூட வழி கிடையாது.

“யார்றா அது?”

சத்தம் நின்றது. வெளியே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது, அதுவும் தூரமாகப் போய் அடங்கியது. பிறகு அவருடைய உள்ளங்காலுக்கு நேர் கீழே, மண் அடைத்த வாயிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

“உள்ளேன் ஐயா.”

காம்பஸ் டேப்பை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தார். ஓடவில்லை, தலைமையாசிரியர் ஓடக் கூடாது. ஆனால் வாசல் தாண்டிய பிறகு பார்த்தால் ஒரு காலில் செருப்பைக் காணோம். அதை எடுக்க அவர் திரும்பிப் போகவில்லை.

மூன்றாவது போட்டோ வந்த கொஞ்ச நேரத்தில் மச்சானின் போன் வந்தது. வட்டம் போடுதா என்ற கிண்டலுக்குக் காத்திருந்தார். மூச்சு மட்டும் கேட்டது.

“ஐயா.”

காம்பஸ் கைப்பேசியைக் காதோடு அழுத்தினார். “என்னடா, புதுசா ஐயா?”

“இந்தப் பெட்டியில பேசினா உங்களுக்குக் கேக்கும்னு இந்தக் கடைப்பையன் சொன்னான். கேக்குதா ஐயா?”

“நீ... யாரு?”

“எங்க இடத்துல வேற ஆளை வச்சீங்க. அதனால அவங்க இடத்துக்கு நாங்க வந்துட்டோம். அவங்க எங்க இடத்துல இருக்காங்க. கீழ. இருட்டுல.” குரல் மச்சானுடையதுதான். ஆனால் அதில் அவன் இல்லை. கோபமாகக்கூட இல்லை. வெகுகாலத்துக்கு முன்பே கோபம் கெட்டித்துக் கல்லாகிவிட்ட குரல். “போகச் சொல்லி மாலை போட்டீங்க. போனோம். வருஷத்துக்கு ஒருநாள் பேரைக் கூப்பிட்டீங்க, அதுக்காகக் காத்திருந்தோம். அதையும் நிறுத்தினீங்க. அப்புறம் மண்ணுல கவுத்துப் போட்டு மேல ஏறி நின்னீங்க. அதுவரைக்கும்கூடப் பொறுத்தோம் ஐயா.”

“என்ன வேணும் உங்களுக்கு?”

“மேடையை உடைங்க. கல்லை எடுத்து, படிச்சுப் பார்த்து, எங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டா எழுந்து போயிடுவோம். ஆனா அந்தப் பொய்க் கல்லைத் திறக்கிறதுக்குள்ள கூப்பிடணும். திறந்துட்டா, அப்புறம் எங்க பழைய கல்லுலயும் எங்க பேரு இருக்காது.”

காம்பஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“எங்கள்ல ஒருத்தன் இன்னும் வரல” என்றது குரல். “அவனுக்குத்தான் ரொம்ப அவசரம். அவங்க அம்மாவுக்கு அவன் ஒரே புள்ளை.”

போன் அணைந்தது. உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை மனைவி.

“என்னங்க, பையன் ஸ்கூல்லேருந்து வந்து படுத்தவன் எழுந்திரிக்க மாட்டேங்குறான். கண்ணைத் திறக்குறான், என்னைப் பாக்குறான், யாருன்னு யோசிக்கிற மாதிரி பாக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு. அவன் மேல சுண்ணாம்பு வாடை அடிக்குது.”

தலைமையாசிரியர் ஓடினார்.

தச்சருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது வாய் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனது. நடுவில் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார். எடைமேடையைத் தாண்டும்போதே உளிச் சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

“நிறுத்துங்க!”

தச்சர் காதில் பஞ்சு வைத்திருந்தார். குனிந்து, இனிஷியலும் முதல் எழுத்தும் முடிந்து, இரண்டாவது எழுத்தின் வளைவில் உளியை வைத்திருந்தார். காம்பஸ் பாய்ந்து அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி, நாலாவது வரியின் மேல் ஓங்கி அடித்தார். கல் சில்லு சில்லாகத் தெறித்தது. மறுபடி அடித்தார். கன்னத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் வழிந்ததுகூடத் தெரியாமல், எழுத்து இருந்த இடம் குழியாகும் வரைக்கும் அடித்தார்.

“சார், பைத்தியமா உங்களுக்கு? எத்தனை நாள் வேலை இது!” தச்சர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார்.

கைப்பேசி அடித்தது.

எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தார்.

“அப்பா, எங்க இருக்கீங்க? சாப்பாடு ஆறுது.”

அவன்தான். பசி வந்தால் எரிந்து விழும் அதே குரல். ஐயா இல்லை, அப்பா. காம்பஸ் கல் மாவில் அப்படியே உட்கார்ந்து அழுதார். வெள்ளை வேட்டியைப் பற்றி நினைக்கவே இல்லை.

“மூணு பேரு போதும்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நாலாவது இடத்தை மெழுகி மழமழன்னு ஆக்கிடுங்க. விழாவுக்குள்ள வரணும்.”

கவனியுங்கள். அந்த மூன்றில் இரண்டு, உயிரோடு இருக்கும் இரண்டு மனுஷருடைய பெயர்கள். அதையும் உடைத்திருக்கலாம். சுத்தியல் கையில்தான் இருந்தது. ஆனால் ஒரே பெயரோடு ஒரு நினைவுக்கல்லை எந்தக் கர்னலிடம் காட்டுவது? மேடையை உடைக்க வேண்டும் என்றால் கமிட்டியில் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் புறங்கையை ஆட்டியது வெளியே வரும். தன் பிள்ளை தப்பித்துவிட்டான், மற்றவர்களை டாக்டர் பார்த்துக்கொள்வார். காம்பஸ் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அவர் மனைவிக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை.

“என் தம்பி கடையில உக்காந்துக்கிட்டு மேடையை உடை, மேடையை உடைன்னு சொல்லிக்கிட்டே இருக்கானே, உடைச்சுத்தான் பாருங்களேன்.”

“விழா முடியட்டும். அடுத்த நாளே உடைக்கிறேன்.”

“நம்ம புள்ளைன்னதும் எப்படி ஓடுனீங்க?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையின் பின்சுவரில் பச்சைப் பட்டுத்திரைக்குப் பின்னால் கல் இருந்தது. முன்வரிசையில் காம்பஸின் மனைவி, ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் தம்பி. தம்பியைக் கூட்டத்தில் காட்டினாலாவது பழைய ஞாபகம் வராதா என்று அழைத்து வந்திருந்தாள். அதே எண்ணத்தில் டிரைவரின் மனைவியும் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே மாதிரி, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மகன் பக்கத்து நண்பனோடு கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காம்பஸ் நிமிஷத்துக்கு ஒருமுறை அவனைப் பார்த்துக்கொண்டார்.

கர்னல் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

கல்லில் நாலு வரி இருந்தது.

குழியும் இல்லை, மெழுகிய தடமும் இல்லை. நாலாவது வரி முதல் மூன்றையும்விட ஆழமாக, இனிஷியலோடு, முழுசாக வெட்டியிருந்தது.

“சார்,” கர்னல் அவர் காதருகே குனிந்தார், “நீங்க பேரைக் கூப்பிடுவீங்கன்னு தாத்தா சொல்லியிருக்காரு. அந்த வழக்கம் இன்னும் இருக்குல்ல?”

கூட்டம் காத்திருந்தது. அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். முன்வரிசையில் கமிட்டிக்காரர்களின் முகங்களைப் பார்த்தார். கல்லின் பக்கம் திரும்பி முதல் பெயரைப் படித்தார்.

அமைதி. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது பெயரைப் படித்தார்.

“உள்ளேன் ஐயா.”

டிரைவர் எழுந்து நின்றான். கூட்டத்தில் லேசான சலசலப்பு. ஏற்பாடு என்று நினைத்து யாரோ மெல்லக் கைதட்டினார்கள். டிரைவரின் மனைவி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பெயர்.

“உள்ளேன் ஐயா.” மச்சான் எழுந்து நின்றான்.

காம்பஸ் காகிதம் எதுவும் கையில் இல்லாதபோதும் எதையோ மடிப்பதுபோல விரல்களை மடக்கினார். “இத்துடன்...” என்று ஆரம்பித்தார். முடித்துவிட்டால் போதும். படிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. மகனைப் பார்த்தார், அவனும் அவரைப் பார்த்து, என்னப்பா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான்.

“ஒண்ணு விட்டுட்டீங்களே சார்” என்றார் கர்னல் அன்பாக.

“வேண்டாம்!” என்றார் காம்பஸ்.

கர்னலுக்கு ராணுவக் குரல். மைக் தேவைப்படவில்லை. நாலாவது பெயரை இனிஷியலோடு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

மகனின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. நண்பனின் தோளிலிருந்த கையை எடுத்தான். எழுந்தான். முதுகு நிமிர்ந்தது. கைகள் தொடையோடு ஒட்டின. தந்தையைப் பார்த்தான், முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல. இல்லை, நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பார்ப்பதுபோல.

“உள்ளேன் ஐயா.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கர்னல் காம்பஸின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். “பழசை மறக்காம வச்சிருக்கீங்க சார். நீங்கல்லாம் நல்லா இருக்கணும்.”

அந்த மலர்வளையம் வாடுவதற்கு முன்பே காம்பஸ் மேடையை உடைத்தார். யாரையும் கேட்கவில்லை. கொத்தனாரையும் அவருடைய மெஷினையும் கூட்டி வந்து, பித்தளை எழுத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். மெஷின் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் கொத்தனாரை விலக்கிவிட்டுக் கையாலேயே மண்ணைப் பறித்தார், நகம் பெயர்ந்தது. கல் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கல்லைப் படித்தார்.

முதல் வரி, கர்னல் சொன்ன பெயர். மற்ற மூன்றும் அதே பழைய கை வெட்டிய எழுத்துகள்தான். ஓரம் தேய்ந்து, பள்ளங்களில் பாசி கறுத்து, அந்தக் காலத்திலிருந்தே அங்கேயே இருப்பதுபோல இருந்தன. இரண்டாவது, டிரைவரின் பெயர். மூன்றாவது, மச்சானின் பெயர். நாலாவது, பரீட்சைப் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்கும் அந்தச் சின்னப் பெயர்.

விரலால் அதைத் தடவினார். குளிர்ந்திருந்தது. காதை வைத்துக் கேட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெகு ஆழத்தில், யாரோ இருட்டில் கையால் துழாவிக்கொண்டு நடப்பது போன்ற சத்தம்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

கொத்தனாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சார் ஏன் கல்லைக் கட்டிக்கொண்டு இப்படிக் கதறுகிறார் என்று புரியாமல் அவர் தள்ளி நின்றுகொண்டார்.

காம்பஸ் வீட்டுக்கு வந்தபோது மேஜையில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மகன் தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, யாரோ பறித்துக்கொள்ளப் போவதுபோல வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் மனைவி பக்கத்தில் நின்று பரிமாறினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவன் தலையைத் தடவிக்கொண்டுதான் நின்றாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் நிமிர்ந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், எத்தனையோ காலமாக அதற்காகவே வழி பார்த்திருந்தவன் மாதிரி.

காம்பஸ் அவன் எதிரே தரையில் மண்டியிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது.

“தம்பி,” குரல் வெளியே வரவில்லை, கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “உன் பேரு என்னப்பா? ஒரே ஒரு தடவை சொல்லு. நான் கூப்பிடுறேன். தினம் கூப்பிடுறேன். என் புள்ளைய விட்டுடு. உன் பேரை மட்டும் சொல்லு.”

அவன் மெல்வதை நிறுத்தினான். கையைத் தட்டின் ஓரத்தில் வழித்தான். மகனின் கண்களிலிருந்து யாரோ நிதானமாக அவரைப் பார்த்தார்கள்.

“தினம் ரெண்டு வேளை எங்களைத் தாண்டித்தானே போனீங்க ஐயா. படிக்கலையா?”

பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“அம்மா,” தட்டை நீட்டினான், “இன்னும் கொஞ்சம் போடுங்க.”